கேப்டன் லட்சுமி கான்பூருக்குப் போன பிறகு

கேப்டன் லட்சுமி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரு கருப்பு வெள்ளைப் புகைப்படம். காக்கிச் சீருடை, தலையில் தொப்பி, பக்கத்தில் நேதாஜி. வரிசையாக நிற்கும் பெண்களைப் பார்வையிட்டபடி இருவரும் நடந்து வருகிறார்கள். எந்தச் சுதந்திர தின மலரைப் புரட்டினாலும் அந்தப் படம் இருக்கும்.

அந்தக் காலத்தில் லட்சுமிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் வாழ்ந்ததோ 97 வருடம். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் பிரிவாக இருந்த ஜான்சி ராணி படையில் இருந்தது ஏறக்குறைய இரண்டு வருடம். கான்பூரில் மனைவியாக, தாயாக, டாக்டராக, பாட்டியாக வாழ்ந்தது 65 வருடம். ஆனால் அவரைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலானவை அந்த 65 வருடத்தை ஒரே வரியில் முடித்துவிடும்: “பின்னர் பிரேம் சேகலை மணந்து கான்பூரில் குடியேறினார்.” சில சமயம் 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார் என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள்.

அந்த ஒரு வரியைத்தான் நான் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். போரில் இருந்த பெண் கல்யாணம் செய்துகொண்டால் அத்துடன் அவள் கதை முடிந்துவிட்டது என்று நாம் எழுதிப் பழகிவிட்டோம். லட்சுமி விஷயத்தில் அது உண்மையில்லை. படையில் அவர் செய்த வேலையும் குடும்பத்துக்குள் இருந்தபடி செய்த வேலையும் பெரும்பாலும் ஒன்றேதான். இது புரிய வேண்டுமென்றால் அவருடைய அம்மாவின் கல்யாணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரை. அங்கே வடக்கத்து என்ற நாயர் தறவாட்டின், அதாவது கூட்டுக் குடும்பத்தின், கடைசிப் பெண் அம்முக்குட்டி. சென்னையில் வக்கீலாக இருந்த சுப்பராம சுவாமிநாதன் அந்தக் குடும்பத்தின் உதவியால் படித்து முன்னுக்கு வந்தவர். நன்றிக்கடனாக அந்த வீட்டில் பெண் எடுக்க வந்தபோது மூத்தவர்களுக்கெல்லாம் கல்யாணம் முடிந்திருந்தது. மிச்சம் இருந்தவள் பதின்மூன்று வயது அம்மு. அவருக்கோ அவளைவிட இருபது வயதுக்கு மேல் அதிகம். பெண் போட்ட நிபந்தனைகளை அந்தக் குடும்பத்தில் வெகுகாலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். பட்டணத்தில்தான் குடியிருக்க வேண்டும், தனக்கு ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும், ‘எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாய்’ என்று தன்னை யாரும் கேட்கக் கூடாது. அண்ணன்மாரை அந்த வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லையே!

அந்த அம்முதான் பின்னால் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்த அம்மு சுவாமிநாதன். 1952இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குப் போனவரும் அவரே. பிள்ளைகள் நான்கு பேர். ஒரு மகன் கோவிந்த் சுவாமிநாதன், சென்னையின் பெயர்பெற்ற வக்கீல். ஒரு மகள் நடனக் கலைஞர் மிருணாளினி சாராபாய். இன்னொரு மகள், 1914 அக்டோபர் 24இல் பிறந்த லட்சுமி.

ஆனக்கரையில் நடந்ததாகச் சொல்லும் இன்னொரு கதையும் உண்டு. பாட்டி வீட்டைச் சுற்றியுள்ள மலைப்பகுதியில் இருந்த பழங்குடி மக்களின் குழந்தை ஒன்றைச் சிறுமி லட்சுமி கைபிடித்து விளையாட அழைத்து வந்துவிட்டார். பாட்டிக்குக் கடும் கோபம். தொட்டால் தீட்டு என்றிருந்த வீடு அது. பெரிய ஆளான பிறகும் லட்சுமி இதைச் சொல்லிக் காட்டுவார். எதையெதைக் கேள்வி கேட்கலாம் என்பதை அவர் சொந்த வீட்டில்தான் பழகினார்.

அப்பா 1930இல் இறந்துவிட்டார். லட்சுமி ராணி மேரி கல்லூரியில் படித்து, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1938இல் எம்.பி.பி.எஸ். முடித்தார். அடுத்து மகப்பேறு மருத்துவத்தில் பட்டயம். திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். இடையில் பி.கே.என். ராவ் என்ற விமானியோடு நடந்த கல்யாணம் நிலைக்கவில்லை. 1940இல் தனியாகச் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்.

இன்றைக்கு இதைப் படிக்க எளிதாக இருக்கிறது. 1940இல், கணவரைப் பிரிந்த இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி வேற்று நாட்டில் மருத்துவ நிலையம் நடத்துவது எவ்வளவு பெரிய காரியம்! அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போன ஏழைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள். அவருக்கு அவர்களோடு பேசத் தமிழும் மலையாளமும் இருந்தன. பின்னால் படைக்கு ஆள் சேர்க்கப் போனபோது கதவைத் திறந்தவர்கள் ஒரு தலைவரை வரவேற்கவில்லை. தங்கள் டாக்டரம்மாவைத்தான் வரவேற்றார்கள்.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. பிரிட்டிஷ் படையில் இருந்த பல்லாயிரம் இந்திய வீரர்கள் ஒரே நாளில் போர்க்கைதிகள் ஆனார்கள். அவர்களில் இருந்துதான் இந்திய தேசிய ராணுவம் உருவானது. காயம்பட்ட வீரர்களுக்கு வைத்தியம் பார்த்தவர்களில் லட்சுமியும் ஒருவர். அதே வருடம் இங்கே ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் கைதாகி அவர் அம்மா வேலூர் சிறைக்குப் போனார்.

சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலை 2ஆம் தேதி சிங்கப்பூருக்கு வந்தார். அடுத்த சில நாட்களுக்குள் பொதுக்கூட்ட மேடையில் பெண்கள் படை ஒன்று வேண்டும் என்று அறிவித்தார். கேட்டவர்கள் அதை ஓர் உணர்ச்சிப் பேச்சு என்று விட்டிருக்கலாம். ஆனால் தென்கிழக்கு ஆசிய இந்தியர்களின் அமைப்பான இந்திய சுதந்திர லீக்கில் இருந்த எல்லப்பா என்ற வக்கீல் லட்சுமியைத் தேடி வந்தார். நேதாஜிக்குப் பெண்களே ராணுவ மரியாதை தர வேண்டும் என்று முடிவானது. லட்சுமி வீடு வீடாகப் போய் இருபது பெண்களைத் திரட்டினார். சேலை கட்டி, தூக்கவே கனமான துப்பாக்கியை ஏந்தி அவர்கள் நின்றார்கள். அதற்குப் பிறகுதான் போஸ் லட்சுமியை அழைத்துப் பல மணி நேரம் பேசினார். மறுநாளே அவர் தன் மருத்துவ வேலையை மூடிவிட்டுப் படை வேலைக்கு வந்துவிட்டார்.

படைக்குப் போஸ் வைத்த பெயரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜான்சி ராணி என்றால் நம் மனதில் எழும் உருவம் என்ன? குதிரை, கையில் வாள், முதுகில் துணியால் கட்டிய பிள்ளை. போரும் குடும்பமும் ஒரே உடலில் இருக்கும் உருவம் அது. போஸ் கூப்பிட்டதும் தாய்மார்களே, சகோதரிகளே என்றுதான். வீட்டைத் துறந்து வா என்று அவர் கேட்கவில்லை. வீட்டில் இருக்கும் உன் வீரத்தைக் கொண்டு வா என்று கேட்டார்.

ஆனால் அந்த வீட்டின் கட்டு உடனே அறுந்துவிடவும் இல்லை. படையில் சேர மணமானவர் என்றால் கணவரின் சம்மதமும், மணமாகாதவர் என்றால் தகப்பனாரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். கோலாலம்பூரில் ஜானகி என்ற பதினெட்டு வயதுப் பெண் நேதாஜியின் பேச்சைக் கேட்டுவிட்டு அங்கேயே காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார். படையில் சேர மட்டும் அப்பா சம்மதிக்கவில்லை. கடைசியில் லட்சுமியே வீட்டுக்கு வந்து பேசிச் சம்மதம் வாங்கினார். அந்த ஜானகிதான் பிறகு படையின் இரண்டாவது பெரிய அதிகாரி ஆனார். லட்சுமிக்கு இப்படிக் கையெழுத்துப் போட யாரும் இல்லை. அப்பா இறந்துவிட்டார், கணவரைப் பிரிந்துவிட்டார், அம்மாவோ கடல் தாண்டி. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிராத ஒரு பெண் மற்றப் பெண்களுக்காக அப்பாமார்களிடம் போய் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. அந்தப் பொறுமையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

1943 அக்டோபர் 22இல் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறந்தது. அதற்கு முந்தைய நாள் போஸ் அறிவித்த ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) தற்காலிக அரசில் பெண்கள் நலத்துக்கு அமைச்சர் லட்சுமி. அமைச்சரவையில் இருந்த ஒரே பெண்ணும் அவர்தான்.

முகாமுக்கு வந்தவர்கள் யார்? ஜானகி போல வசதியான வீட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் பேர். ரசம்மா போல யாழ்ப்பாண வழித் தமிழ்க் குடும்பத்துப் படித்த பெண்கள் கொஞ்சம் பேர். மற்றப்படி பெரும்பகுதி மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். விடியும் முன் பால் மரம் வெட்டப் போய், கங்காணியின் ஏச்சையும் லயம் என்ற வரிசைக் குடியிருப்பின் புழுக்கத்தையும் தாங்கி வளர்ந்தவர்கள். போர் வந்ததும் ரப்பருக்கு விலை இல்லை, தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. ஆண்களை ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஏராளமானோர் திரும்பவே இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் சோறும் சீருடையும் மரியாதையும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்றால் ஒரு பெண் அங்கே போகாமல் இருப்பாளா? தேசபக்தி குறைவு என்று இதற்கு அர்த்தம் இல்லை. பசியும் தேசமும் சேர்ந்தேதான் அவர்களைக் கூட்டி வந்தன. அவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதே கிடையாது.

படையில் மொத்தம் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் ஒத்துப்போவதில்லை. ஆயிரம் என்பது அடிக்கடி சொல்லும் எண். பாதிகூட இருக்காது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எண்ணிக்கை எதுவானாலும் பயிற்சி நிஜமானது. சேலை போய்க் கால்சட்டை வந்தது. பலர் கூந்தலை வெட்டிக்கொண்டார்கள். லட்சுமியும் வெட்டிக்கொண்டார். துப்பாக்கி சுடுதல், இயந்திரத் துப்பாக்கி, ராத்திரியில் மூட்டையோடு நெடுந்தூர நடை. கட்டளைகள் இந்துஸ்தானியில் வரும். அதையும் புதிதாகக் கற்க வேண்டும்.

1944இல் படையின் ஒரு பகுதி பர்மாவுக்குப் போனது. போர்முனைக்கு அனுப்பவில்லையே என்ற ஆதங்கத்தில் ரத்தத்தில் கையெழுத்திட்டு நேதாஜிக்கு மனுக் கொடுத்தவர்கள் உண்டு. பர்மாவின் மலைநகரான மேமியோ வரை போனார்கள். அதற்குள் இம்பால் முற்றுகை தோற்றுவிட்டது. மழையில், மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பட்டினியுமாகத் திரும்பிய வீரர்களால் மருத்துவமனை நிரம்பியது. துப்பாக்கி பிடிக்கப் பழகியவர்கள் புண்ணுக்கு மருந்து வைத்தார்கள், மலம் துடைத்தார்கள். வானத்திலிருந்து குண்டு விழும்போதும் நோயாளிகளைத் தூக்கிப் பதுங்குகுழிக்குக் கொண்டுபோனார்கள்.

அவர்கள் உண்மையில் போரிடவே இல்லையே என்று சிலர் கேட்பதுண்டு. அந்தக் கேள்வி எனக்குச் சங்கடமாக இருக்கும். குண்டு விழும் கூரைக்குக் கீழே நோயாளியை விட்டு ஓடாமல் இருப்பது போர் இல்லை என்றால் எது போர்? லட்சுமியும் அங்கேதான் மறுபடியும் டாக்டர் ஆனார். பதவியில் அவர் கேப்டனைவிட மேலே போய்விட்டார். ஆனாலும் கேப்டன் என்ற பெயரே ஒட்டிக்கொண்டது.

1945 ஏப்ரலில் ரங்கூனைக் காலி செய்தார்கள். ஜானகியின் தலைமையில் இருந்த பெண்களைப் பத்திரமாக அனுப்பாமல் நான் போகமாட்டேன் என்று போஸ் அவர்களோடே நடந்தார். பகலில் காட்டில் ஒளிந்து, இரவில் சேற்றில் நடந்து, மூன்று வாரம் போல ஆனது பாங்காக் போய்ச்சேர. பின்வாங்கும் வழியில் பெண்கள் வந்த ரயில் தாக்குதலுக்கு உள்ளானது. அதில் இரண்டு பேர் இறந்தார்கள், ஸ்டெல்லாவும் ஜோசஃபினும். லட்சுமி இந்தக் கூட்டத்தில் இல்லை. மருத்துவமனை வேலையில் பர்மாவின் உள்பகுதியில் இருந்த அவர் அங்கேயே பிடிபட்டார். 1946 மார்ச் வரை பர்மாவில்தான் காவல்.

சரி, பிரேம் சேகல் எங்கே வருகிறார்? பஞ்சாபிக்காரர், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் பலூச் ரெஜிமென்ட் அதிகாரியாக இருந்தவர். சிங்கப்பூர் விழுந்தபோது கைதாகி, பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். போஸுக்கு ராணுவச் செயலாளராக இருந்தபோது லட்சுமியோடு பழக்கம் ஏற்பட்டது. 1945இன் தொடக்கத்தில் பர்மாவின் போப்பா மலைப் பகுதியில் ஒரு ரெஜிமென்டுக்குத் தலைமை தாங்கிச் சண்டையிட்டு, ஏப்ரல் கடைசியில் சரணடைந்தார்.

பிறகு நடந்தது இந்தியா முழுக்கத் தெரிந்த கதை. 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் வழக்கு. கூண்டில் ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான். ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர். வாதாடியவர் புலாபாய் தேசாய். பிரேமின் தகப்பனார் அச்ரு ராமே லாகூரில் நீதிபதி. அரசருக்கு எதிராகப் போர் தொடுத்தார்கள் என்று மூவருக்கும் ஆயுள் நாடுகடத்தல் விதித்தார்கள். ஆனால் வெளியே தெருவெங்கும் கொந்தளிப்பு. 1946 ஜனவரி 3இல் தளபதி ஆக்கின்லெக் அந்தத் தண்டனையைத் தள்ளுபடி செய்தார். தன் வருங்காலக் கணவர் கூண்டில் நின்ற அந்த நாட்களில் லட்சுமி பர்மாவில் காவலில் இருந்தார். அவர் திரும்பி வந்த பிறகும் உடனே கல்யாணம் இல்லை. போரில் நொந்துபோன வீரர்களின் குடும்பங்களுக்காக நாடு சுற்றி நிதி திரட்டும் வேலை காத்திருந்தது.

1947 மார்ச்சில், லாகூரில் கல்யாணம். ஐந்தே மாதத்தில் லாகூர் வேறு நாடு.

கான்பூருக்கு ஏன் போனார்கள்? இந்தக் கேள்விக்கான பதிலில் நம் நாட்டுக்குக் கொஞ்சம் வெட்கம் இருக்கிறது. சுதந்திர இந்தியா இந்திய தேசிய ராணுவத்தினரை வீரர்கள் என்று கொண்டாடியது, ஆனால் இந்திய ராணுவத்தில் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. செங்கோட்டையில் நாடே யாருக்காகக் குரல் கொடுத்ததோ அந்த மனிதருக்குச் சீருடை திரும்பக் கிடைக்கவில்லை. பிரேம் கான்பூரில் நெசவாலை வேலைக்குப் போனார். அப்படித்தான் சென்னைப் பெண்ணும் லாகூர்ப் பையனும் கங்கைக் கரையில், இருவருக்கும் சொந்தமில்லாத ஓர் ஆலை நகரத்தில் குடித்தனம் தொடங்கினார்கள். நாடு கைவிட்ட இடத்தில் ஒரு குடும்பம் எப்படி எழுந்து நின்றது என்பதுதான் ‘கான்பூரில் குடியேறினார்’ என்ற அந்த வரிக்குள் இருக்கும் விஷயம்.

அவர்கள் போன நேரமும் எப்படிப்பட்டது! பிரிவினையில் வீடிழந்த பஞ்சாபிக் குடும்பங்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. லட்சுமி கர்ப்பமாக இருந்தார். 1947 கடைசியில் மூத்த மகள் சுபாஷிணி பிறந்தாள். அந்தப் பெயர் யாருடைய நினைவாக வைத்தது என்று சொல்லத் தேவையில்லை. வயிற்றில் பிள்ளையோடும், பிறகு கைக்குழந்தையோடும் அவர் அகதிகளுக்கு வைத்தியம் பார்த்தார். கொஞ்ச காலத்திலேயே ஒரு சின்ன மகப்பேறு விடுதி உருவானது. ஆர்ய நகரில் இருந்த அந்த இடம்தான் கடைசிவரை அவருடைய முகாம். நகரத்தில் மதக் கசப்பு கொதித்த வருடங்களில் இந்துக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் ஒரே நம்பிக்கையோடு அங்கே பிரசவத்துக்கு வந்தன. இல்லாதவர்களிடம் காசு வாங்குவதில்லை. இரண்டாவது மகள் அனீசா.

குடும்பப் பெண் என்று நாம் ஒருவரைப் புகழும்போது வழக்கமாக அவர் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார் என்று பட்டியல் போடுவோம். லட்சுமி வீட்டில் அந்தப் பட்டியல் கொஞ்சம் மாறியிருந்தது. இரண்டு பேருமே ராணுவத்தை இழந்தவர்கள், இரண்டு பேருமே தங்கள் ஊரை விட்டு வந்தவர்கள். பிரேமுக்கு மனைவியின் வேலை ஒரு பொழுதுபோக்காகத் தெரியவில்லை. பர்மாவில் அதை நேரில் பார்த்தவர் ஆயிற்றே! ‘எத்தனை மணிக்கு வருவாய்’ என்று கேட்கக் கூடாது என்று அம்மு கேட்டு வாங்கியதை மகள் கேட்க வேண்டியிருக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இந்த இடத்தில் ஜானகியையும் சொல்லிவிட வேண்டும். மலாயா திரும்பிய அவர் 1946இல் இந்திய காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழுவோடு வேலை செய்தார். மலாயா இந்தியர் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஆனார். ஆதி நாகப்பனை மணந்து, குடும்பமும் பொது வேலையுமாக வாழ்ந்து, மலேசிய மேலவையிலும் இருந்தார். 2000இல் இந்திய அரசு பத்மஸ்ரீ தந்தது. ரசம்மா பூபாலன் ஆசிரியையாகி, கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியையாக இருந்தார், பெண் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார். படிப்பும் வசதியும் இருந்த ராணிகளுக்குப் போருக்குப் பிறகும் ஒரு மேடை கிடைத்தது.

தோட்டத்துப் பெண்களுக்கு? படை கலைந்ததும் சீருடையைக் கழற்றிவிட்டு அதே லயத்துக்குத் திரும்பினார்கள். அதே மரம், அதே கத்தி, அதே வாளி. கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் பெற்றார்கள். ராத்திரியில் தூங்கவைக்கும்போது அவர்கள் சொன்ன கதைகளில் மேமியோ இருந்ததா, இல்லையா? எழுதி வைக்க யாரும் கேட்டுப் போகாத அந்த நினைவுகளின் இழப்புதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம். லட்சுமியின் வாழ்க்கையைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கும் அது ஒரு காரணம். அவருடைய கான்பூர் வருடங்களையே ஒரு வரியில் கடந்துவிடுகிறோம் என்றால், பெயர் தெரியாதவர்களின் வாழ்க்கைக்கு ஒரு சொல்லாவது எங்கே கிடைக்கப்போகிறது?

1971. வங்கதேசப் போர். எல்லை தாண்டி லட்சக்கணக்கில் அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வருகிறார்கள். டாக்டர்களும் மருந்தும் வேண்டும் என்ற அழைப்பைக் கேட்டதும் லட்சுமி துணியும் மருந்தும் சேகரித்துக்கொண்டு கல்கத்தா போனார். எல்லை முகாம்களில் ஐந்து வாரம். பர்மாவிலும் கான்பூரிலும் பார்த்த அதே கூட்டம்: காலில் புண்ணோடு நடந்துவந்த பெண்கள், பால் இல்லாத தாய்மார்கள். திரும்பி வந்து மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். மகள் சுபாஷிணி ஏற்கெனவே அங்கே இருந்தார். பிள்ளைகள் பெற்றோர் வழியில் போவதைத்தான் பார்த்திருக்கிறோம். இங்கே ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா மகள் போன வழியில் போனார். 1981இல் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் உருவானபோது அதன் நிறுவனர்களில் அவரும் ஒருவர்.

1984 அவருக்கு எழுபது வயது ஆன வருடம். இந்திரா காந்தி கொலையான பின் கான்பூரிலும் சீக்கியர்களை வேட்டையாடினார்கள். லட்சுமி தன் மருத்துவமனை இருந்த தெருவில் இறங்கி நின்றார். அந்தப் பகுதியில் சீக்கியர்கள் மீதோ கடைகள் மீதோ கை வைக்க விடவில்லை. ஒரு மாதம்தான் ஆகியிருக்கும், போபாலில் விஷவாயு. மருத்துவக் குழுவோடு அங்கே போனார். அந்த வாயு கர்ப்பிணிகளின் உடம்பில் நெடுங்காலத்தில் என்ன செய்தது என்பதையும் பிறகு தொடர்ந்து கவனித்தார். பிரசவம் பார்க்கும் டாக்டர் அல்லவா, அவர் கண் அங்கேதான் போகும்.

பிரேம் 1992 அக்டோபரில் இறந்தார். நாற்பத்தைந்து வருடத் தாம்பத்தியம். அதற்குப் பிறகும் காலையில் விடுதிக்குப் போவது நிற்கவில்லை. 1998இல் பத்ம விபூஷண். 2002இல் இடதுசாரிக் கட்சிகள் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிறுத்தியபோது அவருக்கு 87 வயது. எதிரே நின்றவர் அப்துல் கலாம். ராமேஸ்வரத்தில் பிறந்த ஒருவரும் சென்னையில் வளர்ந்த ஒருவரும் நாட்டின் உச்ச பதவிக்கு நேருக்கு நேர் நின்ற தேர்தல் அது. நம்மில் எத்தனை பேர் அன்றைக்கு அதைக் கவனித்தோம்? கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366 என்பது வாக்கு மதிப்பு. தோற்பது உறுதி என்று தெரிந்தேதான் நின்றார். குஜராத் கலவரம் நடந்த வருடம், பேச வேண்டியதைப் பேச ஒரு மேடை கிடைத்தது. அதற்கு அப்புறம் மறுபடி கான்பூர், மறுபடி நோயாளிகள். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகும் பார்த்தார்.

2012 ஜூலை 19இல் மாரடைப்பு. 23இல் இறந்தார். எரிக்கவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம் என்று முன்பே எழுதி வைத்திருந்தார். கண்களை எடுத்துக்கொண்டார்கள். கான்பூர் கணேஷ் சங்கர் வித்யார்த்தி மருத்துவக் கல்லூரியில் முதல் வருட மாணவர்கள் படிக்கட்டும் என்று உடலை மகள்கள் அங்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.